வேலி உச்சி இயல்

வளர்ப்புப் பிராணிகளுக்கான வேலியில் பிழைப்பும் இழப்பும் உச்சி விளிம்பில்தான் முடிவாகின்றன. இந்த இயலின் முதல் சூத்திரம் இது. சான்று தெற்குக் கலிபோர்னியாவில் கிடைக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் கொயோட்டிகள் என்னும் நாயினக் காட்டு விலங்குகள் தெருவாசிகள். அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் ஆய்வில், நகரப் பகுதியில் திரட்டிய கொயோட்டி எச்சங்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் பூனையின் மிச்சம் இருந்தது. ஆறடி வேலியைக் கொயோட்டி பெரும்பாலும் ஒரே தாவலில் கடப்பதில்லை. எம்பி, முன்கால்களை விளிம்பில் மாட்டி, பின்கால்களால் உந்தி ஏறுகிறது. மாட்டிக்கொள்ள விளிம்பு கிடைக்காவிட்டால் ஏற்றமும் இல்லை.

ஆகவே உருளையே உத்தமம். வேலி உச்சி நெடுகிலும் பொருத்தும் அலுமினியக் குழாய் இது. பாதம் பட்டதும் சுழலும்; விலங்கு வந்த பக்கமே இறங்கிவிடும். ஒரு அங்குல பி.வி.சி. குழாய்க்கு மேல் மூன்று அங்குலக் குழாயை மாட்டி, உள்ளே கம்பி ஓட்டி வீட்டிலேயே செய்துகொள்வோரும் உண்டு. கம்பியை முறுக்கிக் கட்ட வேண்டும்: தொய்ந்து, சுழலாமல் நின்ற உருளை ஏறுகிறவனுக்கு நல்ல கைப்பிடி. தென் ஆஸ்திரேலியாவில், ராக்ஸ்பி டவுன்ஸ் அருகே 1997இல் தொடங்கிய ஆரிட் ரெக்கவரி காப்பகத்திலும் இதே தத்துவம்தான். அங்கே வலையின் மேற்பகுதியை வெளிப்பக்கம் வளைத்துத் துவள விட்டிருக்கிறார்கள். காடேறிய பூனைகளால் அதை எளிதில் தாண்ட முடிவதில்லை.

கண்ணாடிச் சில்லையும் முள்கம்பியையும் எந்த வீட்டுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மதில்மேல் முதலில் நடப்பது நம் பூனைதான்.

செலவழித்து உருளை மாட்டியவர்களும் கோட்டைவிடும் இடங்கள் உண்டு: கேட்டின் தலைப்பு, மூலைக் கம்பம், வேலியோடு அடுக்கிய விறகு, குப்பைத்தொட்டி, வெளியே மேடேறிய மண். ஒன்றை விட்டாலும் மற்றதெல்லாம் வீண். கொயோட்டி தோண்டவும் செய்யும். அடியில் வலை புதைக்க வேண்டும்.

மலைச்சிங்கத்திடம் உருளை செல்லாது. அதற்கு விளிம்பைப் பற்ற வேண்டிய தேவையே இல்லை. கிரிஃபித் பூங்காவில் பத்தாண்டு வாழ்ந்த பி-22 என்ற மலைச்சிங்கம், 2022 நவம்பரில் ஹாலிவுட் குன்றுகளில் வாரில் கட்டி நடத்திச்சென்ற சிவாவா நாயைக் கொன்றது. மலைச்சிங்கம் உலவும் இடங்களில் கூரை போட்ட கூண்டு ஒன்றே காப்பு.

உருளை வைத்திருந்தாலும், அந்தி சாய்வதற்குள் பூனையையும் சிறு நாயையும் வீட்டுக்குள் சேர்த்துவிடுங்கள்.