நாலு லட்சம், ஓகேவா?

திக்கிப் பேசுகிறவருக்கு நேர்முகத் தேர்வின் முதல் கேள்வியே கண்டம்: "உங்க பேரு?" மற்ற சொல் தொண்டையில் நின்றால் வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்கலாம். பாலசுப்பிரமணியன் அன்றைக்கு மட்டும் ரவி ஆகிவிட்டால் ஆதார் அட்டை ஒத்துக்கொள்ளாதே!

தொலைபேசி நேர்காணல் இன்னும் விசேஷம். 'பா'வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, "ஹலோ, டவர் இல்லையா சார்?" என்று வைத்துவிடுவார்கள். நேரில் போனால் எச்.ஆர். மேடம் கருணைக்கடல், நம் வாக்கியங்களை அவரே முடித்துத் தருவார்.

"எதிர்பார்க்கிற சம்பளம்?"

"நா... நா..."

"நாலு லட்சமா? ஓகே, நோட் பண்ணிக்கிட்டேன்."

மாதம் நாற்பதாயிரம் என்று சொல்ல வந்தவருக்கு வருஷத்துக்கு எண்பதாயிரம் நஷ்டம். இத்தனைக்கும் வேலை, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வாய் திறக்காமல் கோடு எழுதுவது.

அரசாங்கம் தேவலை. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. சிபாரிசையும் லஞ்சத்தையும் ஒழிக்கக் கொண்டுவந்தது. திக்குவாயும் ஓசியில் பிழைத்தது. அதே 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பேச்சுக் குறைபாட்டைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அது எடுத்துக்காட்டுவது குரல்வளை நீக்கத்தையும், மூளைப் பாதிப்பால் வரும் பேச்சிழப்பையும். திக்குகிறவருக்குச் சான்றிதழ் லேசில் கிடைக்காது. மருத்துவக் குழு முன்னால் போய் நிற்கிற அன்றைக்குப் பார்த்து, நாக்கு பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி வெளுத்துக்கட்டும்.