விசா தேவைப்படாத உப்பு

நண்பர் ஒருவர் செல்பேசியில் பொலிவியாவைக் காட்டினார். உயூனி உப்புவெளி, பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஓரத்தில் உப்புக்கட்டியாலேயே சுவர் எழுப்பிய ஓட்டல். "யாரும் போகாத இடம் சார், செலவும் கம்மி" என்றார். கடன் எத்தனை தவணை என்று நான் கேட்கவில்லை.

மாதம் இருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர் அவர். மரக்காணத்தில் கார்க் கண்ணாடியை இறக்கியதில்லை. இறக்கியிருந்தால், பாத்தி பாத்தியாக வானம் கிடப்பதையும், பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக் குவிப்பவர்களையும், நீர் சொட்டும் கூடையைத் தலையில் ஏற்றும் பெண்களையும் பார்த்திருப்பார். அவர்களுக்கு அது 'தனித்துவமான அனுபவம்' அல்ல, அன்றைய கூலி.

சிக்கனமாகத் தங்க இந்தக் கரைக்கு வழிகாட்டி நூலும் உண்டு: சிறுபாணாற்றுப்படை, 269 அடி. பரிசு பெற்ற பாணன் ஒருவன், வறிய பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்புகிறான். வழியில் எயிற்பட்டினம், அது மரக்காணம் பக்கம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே பரதவர் தரும் தேறல், சுட்ட குழல்மீன் கருவாடு. ஆமூர் போனால் வெண்சோறும் நண்டும். முன்பணம் இல்லை, அடையாள அட்டை இல்லை, கிளம்பும்போது 'நட்சத்திரம் போடுங்க' என்ற நச்சரிப்பும் இல்லை.

நண்பரிடம் சொன்னேன். "விசா எடுக்கணுமா சார்?" என்றார். வேண்டாம் என்றதும் முகத்தில் ஆர்வம் வடிந்துவிட்டது.