தாடை திறப்பியல்

முகத்தை மூடும் தாடைப் பகுதியை நெற்றிக்கு மேல் தூக்கிவிடக்கூடிய வகை ஹெல்மெட்டே இந்நூலுக்குப் பொருள். ‘ஃபிளிப்-அப்’ என்பது கடை வழக்கு. ‘மாடுலர்’ என்பது ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கப்போகும் கடையின் வழக்கு. 1981-ல் வந்த பி.எம்.டபிள்யூ. சிஸ்டம் ஹெல்மெட்டை முதல்நூல் என்றும், நம்மூர் வேகா க்ரக்ஸ், ஸ்டட்ஸ் நிஞ்சா ஆகியவற்றை வழிநூல் என்றும் கொள்க.

அணிவோர் இருவகையர்: ஊர்வோர், பறப்போர்.

தாராவி 90 அடி சாலையில் கிளம்பி மாட்டுங்கா சேர்வதற்குள் நடந்து போகிறவரிடம் தோற்பவர் ஊர்வோர். சயான் சிக்னலில் வியர்வை துடைக்கவும், சைக்கிள் இட்லிக்காரரை மறித்து இறங்காமலே ரெண்டு இட்லி உள்ளே தள்ளவும் இவருக்குத் தாடை திறந்தாக வேண்டும். பறப்போர், ஞாயிறு விடியுமுன் செம்பூரிலிருந்து லோணாவளாவுக்கு விரைவோர். புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் அடல் சேதுவிலும் பைக்குக்கு இடமில்லை. ஆகவே இவர் பறப்பதும் வாஷி, பன்வேல், கோப்போலி வழியே பழைய சாலையில்தான். அங்கே தாடையைத் திறந்து ஓட்டினால் காற்று கழுத்தோடு பின்னுக்கு இழுக்கும். பின்சீட்டில் இருப்போர் 2022 ஜூன் முதல் மும்பை போலீசாரால் ஹெல்மெட் அணிவோர் இலக்கணத்துள் சேர்க்கப்பட்டனர்.

இனி, தாடை ஹெல்மெட்டின் ஓட்டோடு கூடும் புணர்ச்சி. இருபுறமும் ஒருசேர ‘டக்’கென்று மாட்டுவது இயல்பு. மற்றதெல்லாம் விகாரம்; அது மூன்று. அறுபதைத் தாண்டியதும் இல்லாத கடகட சத்தம் பிறப்பது தோன்றல். இடப்பக்கம் கவ்வி வலப்பக்கம் ஏமாற்றுவது திரிதல். கொக்கியே ஒடிந்து தாடை எந்நேரமும் வானம் பார்ப்பது கெடுதல். பிளாஸ்டிக் கொக்கிக்கு இம்மூன்றும் சீக்கிரம் வரும். உலோகக் கொக்கியே நன்று. கையுறை போட்ட ஒற்றைக் கையால் கடையிலேயே பலமுறை திறந்து மூடிப் பார்க்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

முத்திரை: 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. இல்லாததை விற்பதே குற்றம். ஐரோப்பிய ஈ.சி.ஈ. ஒட்டில் ‘பி/ஜே’ என்றிருந்தால் திறந்தும் மூடியும் ஓட்டத் தேறியது, ‘பி’ மட்டுமெனில் மூடியே ஓட்டுக, ‘என்.பி.’ எனில் அந்தத் தாடையை நம்பி விழ வேண்டாம். கனம் எப்படியும் சாதா முழுமுக ஹெல்மெட்டைவிடக் கூடுதலாகவே இருக்கும்; கழுத்து வலிக்காரர் யோசிக்க.

புறனடை: மழைக்காலத்தில் மூடினால் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கும், திறந்தால் சாரல் வாய்க்குள் போகும். உள்ளே மங்கல் தடுக்கும் பின்லாக் தகடு பொருத்த இடமுள்ளதா என்று கேட்டு வாங்குக. பான் மெல்வோர்க்குத் தனி விதி: துப்புமுன் தாடை மேலே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்க.