எக்ஸ்டென்ஷன் சார்

ஜிம்மை மூடினால் முதலில் பதறுகிறவர் தினமும் வருகிறவராகத்தான் இருப்பார் என்று நினைப்போம். அவர் பதறுவதில்லை. மொட்டை மாடியில் தண்டால் எடுக்கிறார், இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தோளுக்கு மேலே தூக்குகிறார், எப்படியோ சமாளித்துக்கொள்கிறார். பதறுகிறவர் எக்ஸ்டென்ஷன் சார். திறந்திருந்த காலத்தில் ஜிம் மாடிப்படி இடது பக்கமா வலது பக்கமா என்றுகூட அவருக்குச் சட்டென்று சொல்ல வராது. ஷட்டரை இறக்கிய மறுநாளிலிருந்து, மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்குச் சொத்து பறிபோகிற வலி.

எல்லாப் பேட்டையிலும் இப்படி ஒருவர் உண்டு. எங்கள் பேட்டைக்காரர், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கிற ஜிம்மின் மெம்பர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. 2020-க்குப் பிறகு யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு தனியார் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். போல்ட், நட்டு, வாஷர் எது வாங்கினாலும் முதல் விலையை அவமானமாக எடுத்துக்கொள்ளும் சுபாவம். மாசக் கடைசியில் பேப்பர் போடுகிற பையனுக்குப் பணம் கொடுக்கும்போது, பண்டிகை லீவுக்குப் பேப்பர் வராத நாளைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார். வந்த நாட்களில் அதைப் பிரித்தாரா என்பது வேறு விஷயம்.

அவர் ஜிம்மில் சேர்வது வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி. 2020-லும் அப்படித்தான். சுவரில் சஞ்சீவி மலையைத் தூக்கிய ஆஞ்சநேயரும், மலையைத் தூக்கவில்லை என்றாலும் தூக்கக்கூடிய அர்னால்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஊதுவத்தி. அதன் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த மாஸ்டர் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் என்றார். அரை மணி நேரப் பேச்சுவார்த்தையில் அது பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கியது. கடைசி ஐந்நூறு குறைந்தது, "பில் வேணாம் மாஸ்டர், 18 பர்சன்ட் ஜிஎஸ்டி உங்களுக்கு மிச்சம்தானே" என்ற ஒரே வாக்கியத்தில். அன்றைக்கு அவர் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான், வேர்த்துவிட்டது.

ஒன்பதாம் தேதி வரை வந்தார். பத்தாம் தேதி தொடை பிடித்துக்கொண்டது. அப்புறம் பொங்கல் வந்தது. பொங்கல் கழிந்ததும் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்கப்புறம் ஆடிட், ஃபைனான்ஷியல் இயர் க்ளோஸிங். "மார்ச் முடியட்டும் மாஸ்டர், ஏப்ரல் ஒண்ணாம் தேதி அஞ்சரை மணிக்கு என்னை இங்க பாருங்க" என்று டீக்கடை வாசலில் சத்தியம் செய்ததை நானே கேட்டிருக்கிறேன். சத்தியத்தைச் சோதித்துப் பார்க்கக் கடவுள் விடவில்லை. தமிழ்நாட்டில் மார்ச் 17-ஆம் தேதியே தியேட்டர், மால், பாரோடு சேர்த்து ஜிம்மையும் மூடிவிட்டார்கள். அடுத்த வாரம் நாடே மூடிக்கொண்டது.

அன்றைக்குத் தொடங்கியது அவருடைய பொற்காலம். ஜிம்முக்குப் போகாமல் இருப்பது இதுவரை அவருடைய குற்றமாக இருந்தது. ஒரே இரவில் அது அரசாங்கத்தின் உத்தரவாகிவிட்டது. மூன்றாவது தடவை பஜ்ஜி எடுக்கும்போது மனைவி ஏறிட்டுப் பார்த்தால், "ஜிம் மட்டும் திறந்திருந்தா…" என்று பெருமூச்சு விடலாம். சட்டைப் பித்தான் இரண்டு தெறித்ததற்கும் கொரோனாதான் காரணம். சந்தோஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் பர்ச்சேஸ் மேனேஜர் மூளை தூங்கவில்லை. கட்டின பணத்துக்கு என்ன கதி?

மாசா மாசம் எண்ணூறு ரூபாய் கட்டுகிறவர்களுக்கும் இதே கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. மூடிக் கிடக்கிற மாதத்துக்கும் கட்ட வேண்டுமா? ஜிம்மின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் நடுவில் மாஸ்டரே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். மாடிக்கு வாடகை நிற்கவில்லை, இரண்டு ட்ரெட்மில் லோனில் வாங்கியது, டிரெய்னர் பையன் ஊருக்கும் போக முடியாமல் ஜிம்முக்குள்ளேயே தங்கியிருக்கிறான், முடிந்தவர்கள் முடிந்ததை அனுப்புங்கள் என்று. கேட்டுப் பழக்கமில்லாத குரல். நடுவில் இரண்டு இடத்தில் இருமினார். அந்தக் காலத்தில் இருமல் கேட்டால் நாமே போனைத் தள்ளி வைப்போம்.

முதலில் பதில் போட்டவர் நம்ம சார்தான். "லோனுக்குக் கவலைப்படாதீங்க மாஸ்டர், ரிசர்வ் பேங்க் மூணு மாசம் அவகாசம் குடுத்திருக்கு" என்று ஒரு பிடிஎஃப்பை அனுப்பினார். அந்த அவகாசம் பிறகு ஆகஸ்ட் 31 வரை நீண்டது. வட்டி மட்டும் ஒரு நாளும் அவகாசம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை மாஸ்டர் சொன்னபோது, சார் அதற்கு ஒரு கும்பிடு எமோஜி போட்டார். தினமும் வந்துகொண்டிருந்த ஒரு ஆட்டோக்காரத் தம்பி, தனக்கே சவாரி இல்லாத அந்த ஏப்ரலில், எண்ணூறை ஜிபே பண்ணிவிட்டுக் குரூப்பில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டார். மாஸ்டர் அவர் வீட்டுக்கு ஒரு ஜோடி டம்பெல்லும் பிளேட்டும் கொடுத்தனுப்பினார்.

இந்த டம்பெல் விஷயம் எப்படியோ சாருக்கு எட்டிவிட்டது. மாசச் சந்தாவுக்கே டம்பெல் என்றால் வருஷச் சந்தாவுக்கு? கட்டின தொகைக்கு ஈடாக ஒரு ட்ரெட்மில்லைத் தன் வீட்டில் இறக்கி வைக்கும்படி அதிகாரபூர்வமாகக் கேட்டார். ஸ்பீக்கரில் பேசியதுதான் தப்பாகப் போயிற்று. உள்ளேயிருந்து வீட்டம்மாள் குரல் வந்தது: "ஏங்க, துணி காயப்போட நமக்கு ஏற்கெனவே கொடி இருக்கு."

அதன்பிறகு சார் சட்டத்துக்குள் இறங்கினார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதன் 56-ஆம் பிரிவு, நடத்திக்கொடுக்க முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65-ஆம் பிரிவு, செல்லாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கின பலனைத் திருப்பிக் கொடு என்கிறது. இரண்டையும் மஞ்சள் கோடு போட்டு அனுப்பினார். மாஸ்டர் படித்தது பத்தாம் வகுப்பு. வாங்கினது மாவட்ட அளவில் ஆணழகன் கோப்பை. அவர் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "என்ன சார், உள்ள வெச்சிடுவாங்களா?" என்று கேட்டார்.

வைக்க மாட்டார்கள். ஆனாலும் சார் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், எரிச்சலே அதில்தான். திறக்காத கடைக்கு வாடிக்கையாளர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? முன்கூட்டியே கட்டியிருந்தால் நாளை நீட்டிக் கொடுப்பதுதான் முறை. கட்டின எண்ணூறை ஆட்டோக்காரத் தம்பி தர்மமாகக் கொடுத்தார், கடனாக அல்ல. தர்மத்தைக் கேட்கலாம், வசூலிக்க முடியாது. இதையெல்லாம் தினம் வந்து வியர்வை சிந்தியவர் யாராவது கேட்டிருந்தால் நாங்களும் கூடச் சேர்ந்து குரல் கொடுத்திருப்போம். கேட்டவர் இவர்.

ஜூலையில் இன்னொரு ஆயுதம் கிடைத்தது. தனியார் பள்ளிகள் முதல் தவணையாக 40 சதவீதக் கட்டணத்தை வசூலிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பள்ளிக்கும் ஜிம்முக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "ரெண்டுலயும் டிரில் இருக்கே" என்றார்.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஜிம்கள் திறந்தன. சென்னையில் டாஸ்மாக் கடைகள் திறந்ததோ 18-ஆம் தேதி. உடம்பைத் தேற்றுகிற இடத்துக்கு எட்டு நாள் முன்னுரிமை கிடைத்த அந்த அதிசயத்தை வரலாற்று ஆசிரியர்கள் யாராவது குறித்து வைக்க வேண்டும். டம்பெல் பிடிகளில் துரு. பெஞ்சின் ரெக்ஸின் வெடித்து உள்ளே பஞ்சு தெரிந்தது. ஆஞ்சநேயருக்கும் அர்னால்டுக்கும் நடுவில் பல்லி குடும்பம் நடத்தியிருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு சானிடைசர் பாட்டில், நெற்றிக்கு நேரே பிடிக்கிற கருவி, விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர். 95-க்குக் கீழே காட்டினால் உடற்பயிற்சி செய்ய விடக் கூடாது என்பது அப்போது மத்திய அரசின் விதி. டிரெய்னர் பையன் ஒவ்வொரு விரலையும் பிடித்து, எண் நிலைத்து நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

சார் வந்தார். விரலை நீட்டுவதற்கு முன் காகிதத்தை நீட்டினார். மார்ச் 17 முதல் ஆகஸ்ட் 9 வரை 146 நாட்கள். 365-ஆல் வகுத்தால் சரியாக 40 சதவீதம். புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. "பாத்தீங்களா மாஸ்டர், கோர்ட்டும் நாப்பது, நானும் நாப்பது." பன்னிரண்டாயிரத்தில் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் திரும்ப வேண்டும், இல்லையென்றால் 146 நாள் எக்ஸ்டென்ஷன் வேண்டும். டிரெய்னர் பையன் போனில் எதையோ தட்டிவிட்டு, "சார், 2020 லீப் வருஷம். 366-ஆல வகுக்கணும். பதிமூணு ரூபா கம்மியாவுது" என்றான். அந்தப் பதின்மூன்று ரூபாய் சார் முகத்தில் ஒரு நிமிஷம் நிழலாடியதைப் பார்த்தேன்.

மாஸ்டர் ஒன்றும் பேசாமல் நீள நோட்டை எடுத்தார். ஜனவரிப் பக்கத்தைத் திருப்பி, விரலால் தடவிக்கொண்டே போய் ஒரு கையெழுத்தில் நிறுத்தினார். "சார், கவர்மெண்டு மார்ச்சுலதான் மூடிச்சு. நீங்க ஜனவரி ஒம்போதாந்தேதியே மூடிட்டீங்களே?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருப்பார்கள். சார் அசரவில்லை. அவர் சொன்ன பதிலை நான் இன்றுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். "மாஸ்டர், நான் காசு கட்டினது வர்றதுக்கு இல்ல. வரலாம்ங்கற உரிமைக்கு. காலைல அஞ்சு மணிக்கு அலாரம் அடிக்கும், போலாமா வேணாமான்னு யோசிப்பேன், வேணாம்னு திரும்பிப் படுப்பேன். அது நானா எடுக்கற முடிவு. நீங்க ஷட்டரை இறக்கிட்டா, நான் எங்க வராம இருக்கறது?"

மாஸ்டர் நோட்டை மூடிவிட்டார். 146 நாள் எழுதிக் கொடுத்தார். சார் படியிறங்கிப் போனதும், "என்ன இப்படி விட்டுக் குடுத்துட்டீங்க?" என்று கேட்டேன். "நூத்தி நாப்பத்தாறு என்ன சார், ஆயிரம் நாள் கேட்டாலும் அவருக்குக் குடுப்பேன். ஒரு டம்பெல் தேயாது" என்றார். அப்புறம் கணக்கை அவரே விரித்துக் காட்டினார். ஹால் ஆயிரம் சதுர அடி. ஆளுக்கு நாலு சதுர மீட்டர் இடம் விட வேண்டும் என்றது அன்றைய விதி. அப்படிப் பார்த்தால் ஒரு நேரத்தில் இருபத்து மூன்று பேர். மெம்பர்கள் இருநூறு பேருக்கு மேல். "எல்லாரும் வந்துட்டா நான் எங்க சார் போவேன்? வாடகை குடுக்கறதே வராதவங்கதான்."

இது எங்கள் பேட்டையின் தனிச்சிறப்பு என்று பெருமைப்பட முடியாது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஜிம்முக்குப் போகாமலிருக்கப் பணம் கட்டுவது பற்றியே 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதம் எழுபது டாலருக்கு மேல் கட்டிய மெம்பர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். ஒரு வருகைக்குப் பதினேழு டாலருக்கு மேல் அடக்கமாகிறது. பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகை பத்து டாலரில் முடிந்திருக்கும். நம்ம சாருக்கு 2020-இல் ஒரு வருகை ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது. அவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொன்னால் வருகைக் கட்டணத்தில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பார்.

எக்ஸ்டென்ஷன் வாங்கியாயிற்று. இனி போக வேண்டும். அம்மாள் ஷூவைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, லேஸ்கூடக் கோத்து வாசலில் வைத்துவிட்டார். அந்த ஒரு வாரம் சார் தெருவில் நடந்ததைப் பார்த்தவர்கள் ஒரு மனிதன் தன் வெற்றியாலேயே மாட்டிக்கொண்டதைப் பார்த்திருப்பார்கள். அப்போதுதான் அரசு உத்தரவில் இருந்த இன்னொரு வரி அவர் கண்ணில் பட்டது: ஜிம்மில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி.

சார் பிறந்தது 1971. அது அவருக்கும் தெரியும், ஜாதகத்துக்கும் தெரியும். பள்ளியில் சேர்க்கும்போது வயசு போதாது என்று ஹெட்மாஸ்டர் 1970 ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிட்டார். அதே தேதிதான் ஆதாரிலும். ஒரு வருஷ சர்வீஸைத் தின்றுவிட்டார் என்று இத்தனை காலமும் அந்த ஹெட்மாஸ்டரைத் திட்டாத நாளில்லை. ஆகஸ்டு மாதம் அந்த மகானை மன்னித்துவிட்டார். ஆதாரை போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். "அரசு ஆவணப்படி எனக்கு 50 முடிந்துவிட்டது. உத்தரவை மதித்து வீட்டிலிருக்கிறேன்." கூடவே, வயது வரம்பு நீங்கும் வரைக்கும் தன் நாட்கள் ஓடக் கூடாது என்று ஒரு கோரிக்கை. மாஸ்டர் முதல் தடவையாகக் கறாராகப் பேசினார்: 146-க்கு மேல் ஒரு நாள் கிடையாது, டிசம்பர் 31-இல் முடிகிற சந்தா 2021 மே 26 வரை. சார் ஒரு நாள் முழுக்க யோசித்து, பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

2021 ஜனவரி ஒன்றாம் தேதி, சந்தா ஓடிக்கொண்டிருந்ததால் புதிதாகச் சேர முடியவில்லை. அதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம். வரம்பெல்லாம் எப்போதோ மறந்துபோன பிறகும் அவர் ஆதாரை மறக்கவில்லை.

ஏப்ரல் 24, சனிக்கிழமை. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. போன் அடித்தாலே எடுக்கப் பயமாக இருந்த நாட்கள். 26-ஆம் தேதியிலிருந்து ஜிம்கள் மறுபடி மூடப்படும் என்று அரசு அறிவித்தது. குரூப்பில் அந்தச் செய்தியை மாஸ்டர் போட்டார், கூடவே எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று ஒரு வரி. அடுத்த நிமிஷமே ஒரு பதில் வந்து விழுந்தது.

"மாஸ்டர், ஏப்ரல் 26 முதல் மே 26 வரை, ரெண்டு நாளும் சேர்த்து 31. நோட் பண்ணிக்குங்க."

டைப்பிங் என்று காட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது.

"இந்த வருஷம் லீப் இல்லை."