காபிக் கறை

“பத்திரிகை மாதிரி இருக்கணும் சார்” என்று சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கிற பையன் நான் வடிவமைத்துத் தரும் தன் இணையதளத்தைப் பற்றிப் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1983இல் இதே திருப்பனந்தாளில், எங்கள் வீட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு நாலு பேர் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய காலத்தில், எங்களுக்கும் அதே கவலைதான். கையால் எழுதியது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது.

மாதம் ஒரே ஒரு பிரதி. கும்பகோணத்தில் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் 1948லேயே ‘தேனீ’ இதழ் நடத்தியிருக்கிறார், பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் இலக்கியம் நடந்திருக்கிறது என்கிற தைரியம் எங்களுக்கு. எங்கள் ஊர் செந்தமிழ்க் கல்லூரியில் புலவர் படித்த நண்பர் எழுதும் பக்கங்களில் ‘லை’ துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நான் எழுதும் பக்கங்களில் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குக் கட்டுப்பட்டு இணைக்கொம்போடு அடக்கமாக இருக்கும். அதனால் ஒரே கதாநாயகியின் தலை நாலாம் பக்கத்தில் துதிக்கையோடும் ஐந்தாம் பக்கத்தில் அது இல்லாமலும் வரும். யாரும் கேட்டதில்லை. காதல் கதை என்றால் எழுத்தையா பார்ப்பார்கள்?

கட்டுரையின் முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்கு வரைவது ஓவிய நண்பனின் உரிமை. ‘கொள்ளிடம்’ என்று தொடங்கிய ஒரு கட்டுரைக்குக் கொம்பை ஆற்றுச் சுழலாகவே வரைந்தான், ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று, ஸ்கெட்ச் பேனா மை ஊறி மறுபக்கத்துக் கவிதையும் போயிற்று (கவிதை என்னுடையது, பெரிய நஷ்டமில்லை). இன்று அதே வேலையை வேர்ட்பிரஸ் தீம் கண்ணிமைப்பதற்குள் செய்கிறது. ஆங்கிலத்துக்கென்று தைத்த சட்டை அது. ஒருமுறை அதே ‘கொ’வைக் கொடுத்தபோது ‘க’ மட்டும் பூதமாகப் பெருத்து நிற்க, கொம்பும் காலும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு அனாதையாகக் கிடந்தன. நம் கைக்குக் கொம்பு முதலில், கணினிக்கு ‘க’ முதலில். அந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க எனக்கு இரண்டு ராத்திரி ஆயிற்று. ஆக, சாயங்காலம் மிச்சமானதாகத் தெரியவில்லை.

“படம் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சாப்ல இருக்கு சார்” என்றான் பையன் அடுத்த வாரம். சாய்ந்ததை நிமிர்த்துவது எங்கள் ஊருக்குப் புதிதா? தாடகை என்கிற பக்தை மாலை சாத்த வாகாகச் சாய்ந்துகொடுத்த லிங்கத்தை, சோழன் யானை கட்டி இழுத்தும் அசையாததை, குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து நிமிர்த்திய தலம். நான் எட்டு பிக்ஸல் தள்ளினேன், நிமிர்ந்துவிட்டது. கழுத்து வலி மட்டும் இருவருக்கும் பொது.

அந்த நாளில் இதழை வாங்கிப் போகிறவர் இரண்டு நாளில் திருப்பித் தர வேண்டும். கடைசிப் பக்கம் அவர் கருத்தெழுத. ஒரு இதழ் அட்டை நடுவே வட்டமான டம்ளர் கறையோடு திரும்பி வந்தது. ‘கதை சுமார். கறைக்கு மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்த மனிதரோடு இரண்டு மாதம் நான் பேசவில்லை.

நேற்று மறுபடி போன். எல்லாம் அருமையாக இருக்கிறதாம், ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி.

“பின்னணியில பழைய பேப்பர் மாதிரி, ஓரத்துல லேசா ஒரு காபிக் கறை போட முடியுமா சார்?”

தனிக் கட்டணம் என்றேன்.