நூலக வரி பல்லாண்டு வாழ்க!

தமிழ்நாட்டு நகரங்களில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நூலகப் புரவலர். பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதுதான் இதன் சிறப்பு. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரி. அரையாண்டுக்கொருமுறை அதுவும் சேர்ந்தே போய்விடுகிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இந்தக் கொடை அதற்கும் ஒரு படி மேல். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கிக்கொள்ள வேண்டிய நூலகத்துக்கும் தெரியாது.

இப்படியொரு ஏற்பாட்டுக்குக் காரணம் சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார். மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு ஊர் நூலகம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று விடாமல் எழுதினார், பேசினார். அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல். நூலகம் ஆண்டுதோறும் பட்ஜெட் வாசலில் கையேந்தி நிற்கக்கூடாது என்று தனி வரியும் வைத்தார்கள். வெள்ளை மனசு! ஒருவர் வசூலித்து இன்னொருவர் செலவழிப்பதென்றால் நடுவில் என்ன நடக்கும் என்ற கணக்கு கல்லூரிப் பாடத்தில் இல்லை போலும்.

வசூலிப்பது மாநகராட்சியும் நகராட்சியும். செலவழிக்க வேண்டியது நூலக ஆணைக்குழு. பல உள்ளாட்சிகள் இந்தப் பணத்தின் மேல் வைத்திருக்கும் பாசத்தைப் பெற்ற தாயிடம்கூடப் பார்க்க முடியாது. நூலகத்துக்கு அனுப்பினால் கூரை ஒழுகலுக்கும் நாற்காலிக்கும் வார இதழுக்கும் கரைந்துபோகும் என்ற கவலையில் தங்கள் கணக்கிலேயே பத்திரமாக வைத்துக்கொள்கின்றன. பாக்கி கோடிக்கணக்கில் வளர்கிறது. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்றார் ரங்கநாதன். எது வளர வேண்டும் என்பதில்தான் சிறு கருத்து வேறுபாடு.

நூல்களை வகைப்படுத்த அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை யாரும் மதிப்பதில்லை என்று நூலகவியல் படித்தவர்கள் குறைப்படுவார்கள். அநியாயமான குறை. எந்த விஷயத்தையும் ஆள், பொருள், செயல், இடம், காலம் என்று ஐந்து முகமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் அவர். நமது நிர்வாகம் அப்படியே செய்திருக்கிறது. ஆள்: வீட்டுக்காரர். பொருள்: பணம். செயல்: வசூல். இடம்: உள்ளாட்சிக் கணக்கு. காலம் மட்டும் நிரப்பப்படவில்லை. நிலுவைக்குக் காலம் குறிப்பது நாகரிகமல்ல.

சிக்கனத்திலும் நமது நிர்வாகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓய்வுபெற்ற நூலகரின் இடத்தைக் காலியாகவே விட்டால் சம்பளம் மிச்சம். ஊர்ப்புற நூலகத்தைச் சொற்பத் தொகுப்பூதியத்தில் ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் தியாகியாகவும் ஆகிறார். புத்தகம் வாங்காத ஆண்டில் அலமாரிக்குத் தூசு தட்டும் வேலைதான் உண்டு. தட்டவும் ஆளில்லாதபோது அதுவும் இல்லை. லைப்ரரி ஆர்டரை நம்பி அச்சடித்துவிட்டு வீட்டுத் திண்ணையில் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும் சிறு பதிப்பாளருக்குப் பொறுமை என்னும் பெருங்குணம் இலவசமாகக் கிடைக்கிறது.

‘இந்தக் காலத்தில் நூலகர் எதற்கு, கம்ப்யூட்டரில் தட்டினால் வராதா?’ என்று கேட்கும் அதிகாரிகளின் தொலைநோக்கு தனி. நியூசிலாந்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் ஓடத் தொடங்கிய ‘கோஹா’ மென்பொருள் உலகத்துக்கே இலவசம். அதில் நூல் விவரத்தை ஏற்ற மட்டும் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் இலவசமில்லை. ஆகவே யாரையாவது அவசரத்துக்குப் பிடித்து ஏற்றச் சொன்னால் அற்புதங்கள் நிகழும். புதுமைப்பித்தனை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை எழுத்தாளர்கள் பட்டியலில் பிறப்பார்கள். அவரது இயற்பெயரான சொ. விருத்தாசலம் வேறு ஆளாகித் தனியே உட்கார்ந்திருப்பார். தமிழுக்கு ஒரே நாளில் இத்தனை ஆசிரியர்களைத் தந்த இயக்கம் வேறு எது? ‘பச்சை அட்டை சார், குளத்துப் பக்கம் ஒரு கிழவி வருவாள்’ என்று வந்து நிற்கும் வாசகரிடம் இரண்டு கேள்வி கேட்டு மூன்றாவது அலமாரியிலிருந்து சரியான புத்தகத்தை உருவும் பழைய ஆசாமிகளால் இப்படியொரு வளர்ச்சியைக் காட்ட முடியுமா?

பெரிய கட்டிடங்களிலும் நமக்குக் குறைவில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தோம். மறு ஆண்டே அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க முடிவெடுத்தோம். நீதிமன்றம் குறுக்கே வந்திராவிட்டால் வாசிப்பு நோய்க்கும் அங்கேயே சிகிச்சை கிடைத்திருக்கும்.

எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. இத்தனை ஆண்டு நூலக வரி பாக்கியை ஊர்வாரியாகத் தொகுத்து, நல்ல காலிகோ பைண்டு போட்டு, எல்லாக் கிளை நூலகங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பிவைக்க வேண்டும். வெளியே தெரிந்துவிடுமோ என்று அதிகாரிகள் அஞ்ச வேண்டாம். வரவுப் பதிவேட்டில் ஏற்றி, பகுப்பு எண் போட்டு, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியவரின் பணியிடம்தான் காலியாக இருக்கிறதே.