சனி ஞாயிறு நிபுணர்கள்

சென்னையில் ஒருவனைத் திட்டக் கீழ்ப்பாக்கம். பெங்களூரில் நிம்ஹான்ஸ். ஆட்டோக்காரர் முதல் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் வரை, எதிராளியை ஓசூர் ரோட்டிலுள்ள அந்த மனநல மருத்துவமனைக்கு அனுப்பாமல் ஒரு சண்டையும் முடிவதில்லை. அனுப்பலாம். கவனிக்க ஆள் வேண்டுமே?

அந்த ஆள்தான் மருத்துவ உளவியலாளர். மாத்திரை எழுத மாட்டார். அது மனநல மருத்துவரின் வேலை. இவர் பேசவைத்துக் கேட்பார், சோதிப்பார், மாதக்கணக்கில் உட்கார்ந்து சிகிச்சை தருவார். இந்தியாவில் இதற்கு முறையான பயிற்சி தொடங்கியதே நிம்ஹான்ஸ் வளாகத்தில்தான், 1955-ல். அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவருக்குத்தான் அந்தப் பெயர். சட்டம் கறார்.

ஆனால் 'லைஃப் கோச்' என்று போர்டு மாட்டினால் யாரும் கேட்பதில்லை. சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு. திங்கட்கிழமை நிபுணர். முடிவெட்டப் பழகவே இதைவிட அதிக நாள் ஆகும்.

டெக் பார்க்குகளுக்கு இவர்கள்தான் தோது. அக்டோபர் 10, உலக மனநல நாள். பச்சை ரிப்பன், ஒரு மணி நேர மூச்சுப் பயிற்சி, குரூப் போட்டோ. அன்றிரவே பதினொரு மணிக்கு மீட்டிங்; அமெரிக்கக்காரன் விழித்துவிட்டான். தூக்கம் வரவில்லையா? உங்களுக்குத்தான் மனவலிமை போதாது.

அரசோ 14416-ஐக் கூப்பிடு என்கிறது. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண். எடுத்துப் பேசுகிறார்கள், நல்லதுதான். நேரில் பார்க்க எங்கே அனுப்புவார்கள்? நிம்ஹான்ஸே நடத்திய 2015-16 தேசிய ஆய்வு, கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது.

அறிவுத்திறன் குறைந்த பிள்ளையின் தாயைக் கேளுங்கள். உதவித்தொகைக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு ஐ.க்யூ. சோதனை வேண்டும். சோதிக்க உளவியலாளர் வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் அப்படியொரு பதவியே கிடையாது. கூலியை விட்டு, பத்து வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள். அவன் நான்கு கட்டைகளை அடுக்க முடியாமல் விழிப்பதை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை அலைச்சல்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவைப் படியுங்கள். உலக அளவுகோல்படியான மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பத்து ஆண்டுகளுக்குள் எட்ட அரசு முயற்சி எடுக்க வேண்டும். சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே. கவனியுங்கள், முயற்சிதான் எடுக்க வேண்டும். முயற்சி எடுக்காததற்காக இந்த நாட்டில் எந்த அதிகாரிக்குச் சம்பளம் நின்றிருக்கிறது?